ஈ, தா, கொடு: வேலையுறுதிச் சட்டங்களும் கேட்போர் நிலையும்

முன்னுரை

வேலையற்ற ஒருவர் அரசிடம் வேலை கேட்கிறார். அரசு வேலை தருகிறது. எளிமையாகத் தோன்றும் இந்நிகழ்வை மூன்று வகையாக விளக்கலாம். வறியவர்மீது அரசு காட்டும் இரக்கம் என்பது ஒரு விளக்கம். உழைப்பைப் பெற்றுக்கொண்டு கூலி தரும் கொடுக்கல் வாங்கல் என்பது மற்றொன்று. குடிமக்களுக்கு அரசு ஆற்றவேண்டிய கடன் என்பது மூன்றாவது. உழைத்தவர் கைக்கு வரும் தொகை இம்மூன்றிலும் ஒன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் கேட்டவரின் நிலை மூன்றிலும் ஒன்றன்று. முதலாவதில் அவர் இரப்பவர், இரண்டாவதில் உழைப்பை விற்பவர், மூன்றாவதில் உரிமையுடையவர்.

இந்தியாவில் வேலையற்றோரை மீண்டும் உழைப்பிற்குக் கொணரும் அரசுத் திட்டங்கள் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பொருளியல் நோக்கில் அமைந்துள்ளன. எத்தனை நாள்கள் வேலை, எவ்வளவு கூலி, எத்தனை குளங்கள் என்பன அவற்றின் வினாக்கள். அவை இன்றியமையாதன. எனினும் அவற்றிற்கு முற்பட்ட அறவினா ஒன்று உண்டு. அரசின் முன் வேலை கேட்டு நிற்பவர் எந்த நிலையில் நின்று கேட்கிறார் என்பதே அவ்வினா. தமிழ் இலக்கண, இலக்கிய மரபு கேட்டல் என்னும் செயலை நுணுகி நோக்கிய மரபாகும். அம்மரபின் கருத்துகளைத் துணையாகக் கொண்டு, பஞ்சகால நிவாரண வேலை முதல் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலைவாய்ப்பு உறுதிச் சட்டம், அதற்கு மாற்றாக 2025இல் இயற்றப்பட்ட சட்டம் வரையிலான நிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. வேலை தரப்படும்போது அன்று, வேலை தரப்படாதபோது என்ன நிகழ்கிறது என்பதே ஒரு திட்டத்தின் அறத்தன்மையைக் காட்டும் உரைகல் என்பது இதன் துணிபு.

கேட்டற்கு மூன்று சொற்கள்

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களை இரத்தற் பொருளில் வருவனவாகச் சுட்டுகிறது. ஒன்றைப் பெறுதலே மூன்றன் நோக்கமும். ஆயினும் கொடுப்பவனினும் தாழ்ந்த நிலையிலுள்ளவன் 'ஈ' எனவும், ஒத்த நிலையிலுள்ளவன் 'தா' எனவும், உயர்ந்த நிலையிலுள்ளவன் 'கொடு' எனவும் கேட்பான் என்று அந்நூல் வகுக்கிறது. கேட்கப்படும் பொருள் மாறாதிருக்க, கேட்பவனுக்கும் கொடுப்பவனுக்கும் இடையிலுள்ள உறவு சொல்லை மாற்றிவிடுகிறது. இவ்வகைப்பாடு அக்காலச் சமூகப் படிநிலையை ஒட்டியது. அப்படிநிலையை இன்று ஏற்கவேண்டுவதில்லை. கேட்டல் ஒவ்வொன்றிலும் ஒரு நிலை மறைந்துள்ளது என்னும் நுட்பம் மட்டும் இங்குக் கொள்ளத்தக்கது.

'கொடு' என்னும் சொல்லைப் பற்றித் தொல்காப்பியம் மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. கிளவியாக்கத்தின்படி, தருதற் சொல் தன்மை, முன்னிலை ஆகிய இடங்களுக்கு உரியது. கொடைச்சொல் படர்க்கைக்கு உரியது. எனவே 'எனக்குக் கொடு' என்பது இடவழுவாகும். உயர்ந்தோன் தன்னையே பிறன் ஒருவனைப்போல் வைத்துக் கூறும் குறிப்பினால் அது தன்னிடத்தும் வரும் என எச்சவியல் அவ்வழுவை அமைத்துக்கொள்கிறது. இவ்விதி மொழிநடை பற்றியதே. ஆயினும் உரிமை கோருதலின் இயல்பை இதனினும் தெளிவாக விளக்கும் உவமை அரிது. சட்டப்படி உரிமை கோருபவர் 'என் துன்பத்தைப் பார்த்து எனக்கு ஈக' என்று கேட்பதில்லை. 'இந்நிலையில் இருப்பவர் எவராயினும் அவருக்குக் கொடுக்கப்படுதல் வேண்டும். இந்நிலையில் இருப்பவருள் யானும் ஒருவன்' என்று கேட்கிறார். தன்னைப் படர்க்கையில் நிறுத்திக் கேட்பதால் அவர் தம் துயரை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கொடுப்பவரின் முகம் நோக்கி நிற்கவும் வேண்டுவதில்லை.

ஈகையின் பெருமையும் எல்லையும்

ஈகையைத் தமிழ் அறநூல்கள் உயர்வாகப் போற்றுகின்றன. அதே நூல்கள் இரத்தலின் இழிவையும் மறைக்கவில்லை. திருக்குறள் 'இரவு', 'இரவச்சம்' என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைக்கிறது. முன்னது கரவாது கொடுப்பாரிடத்துக் கேட்டலை ஒருவாறு ஏற்கிறது. பின்னது அத்தகையோரிடத்தும் கேளாமையே கோடி மடங்கு நன்று என்கிறது. சிலர் இரந்துதான் உயிர்வாழவேண்டும் என்னும் நிலை இருக்குமாயின், அதற்காகக் கெடவேண்டியவன் உலகை அவ்வாறு இயற்றியவனே என்னும் வள்ளுவரின் சினம் குறிப்பிடத்தக்கது. இங்கே குற்றம் இரப்பவன்மீது ஏற்றப்படவில்லை. அவனை அந்நிலையில் நிறுத்திய அமைப்பின்மீது ஏற்றப்படுகிறது.

புறநானூற்றின் 208ஆம் பாடலில் பெருஞ்சித்திரனார், அதியமான் நெடுமான் அஞ்சி தம்மைக் காணாமலே அனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கிறார். வறுமையுற்ற புலவர் பொருளைத் தள்ளுகிறார். பொருளின் அளவு அவருக்குக் குறையன்று. தம் தகுதியை அறியாது தந்ததே குறை. பெறுபவர்க்கும் மதிப்பு உண்டு என்பதையும், அம்மதிப்பு பொருளால் ஈடுசெய்யப்படாதது என்பதையும் இப்பாடல் உணர்த்துகிறது.

மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் வரலாறு மற்றோர் எல்லையைக் காட்டுகிறது. அமுதசுரபியால் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்த ஆபுத்திரன், மழை பெய்து நாடு செழித்தபின் உண்பாரைக் காணாமல் வருந்துகிறான். உண்பாரைத் தேடிக் கடல் கடக்கிறான். இறுதியில் மணிபல்லவத்தில் தனித்து நின்று பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டு உயிர்விடுகிறான். ஈகை எத்துணைத் தூய்மையானதாயினும் அது நிகழ்வதற்கு ஏற்பவர் ஒருவர் வேண்டும். கொடுப்பவரின் அறம் பெறுபவரின் இன்மையைச் சார்ந்து நிற்கிறது.

இவற்றால் ஈகையின் அமைப்பு விளங்கும். ஈகையில் அறம் கொடுப்பவருக்கு உரியது. அவர் கொடாவிடின் அறம் இழப்பார். ஆனால் கேட்டவருக்குக் கடன்பட்டவர் ஆகார். மறுக்கப்பட்டவர் வெறுங்கையுடன் திரும்புவார். அவ்வாறு திரும்புவது எங்கும் பதிவாகாது.

சோதனையாகிய உழைப்பு

பஞ்சகாலத்தில் வேலை தந்து உணவளிக்கும் வழக்கம் இந்தியாவில் பழமையானது. உணவுக்கு ஈடாகக் கோட்டை, நீர்நிலைப் பணிகளைச் செய்வித்தலைப் பஞ்சகால அரசக்கடமைகளுள் ஒன்றாக அர்த்தசாத்திரம் கூறுகிறது. லக்னோ நகரின் பெரிய இமாம்பாரா 1784ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது நவாப் ஆசப்-உத்-தௌலாவால் கட்டத் தொடங்கப்பட்டது. பகலில் பொதுமக்கள் கட்டியதை இரவில் உயர்குடியினர் இடித்தனர் என்றும், அவர்களும் பஞ்சத்தால் நலிந்தவர்களாதலின் முகம் தெரியாதவாறு இரவில் வேலை தரப்பட்டது என்றும் ஒரு செவிவழிச் செய்தி வழங்குகிறது. அது வரலாற்று உண்மையா என்பதைவிட, அதனைத் தொடர்ந்து சொல்லிவரும் மக்கள் மனத்தில் உள்ள கருத்தே முதன்மையானது. உழைப்பு மானத்தைக் காக்கிறது என்பது அதன் ஒரு பாதி. இடிப்பதற்காகக் கட்டும் உழைப்பு உழைப்பாகுமா என்னும் ஐயம் அதன் மறுபாதி.

ஆங்கிலேயர் ஆட்சியில் நிவாரண வேலை வேறொரு பொருளைப் பெற்றது. 1876-78 பெரும்பஞ்சத்தின்போது நடுவணரசின் சார்பில் சென்னை, பம்பாய் மாகாணங்களைப் பார்வையிட்ட ரிச்சர்டு டெம்பிள், 1877இல் நிவாரணக் கூலியைக் குறைத்தார். ஆடவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் என அது வரையறுக்கப்பட்டது. கடும் உழைப்பில் ஈடுபடுவோர்க்கு அவ்வளவு போதாது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பம்பாய் மாகாணத்தில் நிவாரணத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறி எதிர்ப்புக் காட்டினர். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி இப்பஞ்சகால உழைப்பால் தோண்டப்பட்டதே. இன்றும் நகரின் நடுவே கிடக்கும் அக்கால்வாய் அவ்வுழைப்பின் சான்றாகும்.

இக்காலத்தில் கூலியின் குறைவு, வேலையின் கடுமை, பணித்தளத்தின் தொலைவு ஆகிய மூன்றும் சோதனைகளாகப் பயன்பட்டன. உண்மையில் வேறு வழியற்றவர் மட்டுமே ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்று, குறைந்த கூலிக்குக் கடுமையாக உழைக்க உடன்படுவார். ஆகவே அவ்வாறு வருபவரே உதவிக்கு உரியவர் என்பது இதன் தருக்கம். இங்கே உழைப்பு ஒரு பயனை ஆக்குவதற்காக வாங்கப்படவில்லை. கேட்பவர் பொய் சொல்லவில்லை என்பதை அவரது உடலைக்கொண்டே மெய்ப்பிப்பதற்காக வாங்கப்பட்டது. 1880ஆம் ஆண்டின் பஞ்ச ஆணையமும் அதன்வழிப் பிறந்த பஞ்ச விதித்தொகுப்புகளும் நிவாரணத்தை அரசின் பொறுப்பாக ஒழுங்குபடுத்தின. எனினும் உழைப்பைச் சோதனையாகக் கொள்ளும் நோக்கு அவற்றில் முற்றும் நீங்கவில்லை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலம் இவ்விடத்து நினைக்கத்தக்கது. வையைக் கரையை அடைக்கக் குடிகள்தோறும் பங்கு அளந்து விடப்படுகிறது. ஆளற்ற முதியவளான வந்திக்கும் அப்பங்கு உண்டு. பிட்டைக் கூலியாகப் பெற்று வந்த கூலியாள் பங்கை முடிக்கவில்லை என்பதற்காகப் பாண்டியன் பிரம்பால் அடிக்க, அவ்வடி எல்லா உயிர்கள்மேலும் படுகிறது. அரசன் அளவைப் பார்த்தான். முதியவளின் இயலாமையையும் கூலியாளின் உருவில் வந்தவரையும் பார்க்கவில்லை. உழைப்பவரைச் சோதனைக்குரிய பொருளாக மட்டும் நோக்கும் ஆட்சி எவரை அடிக்கிறது என்பதைத் தானே அறியாது என்பதற்கு அக்கதை ஒரு சான்றாக நிற்கிறது.

சட்டமாகிய உறுதி

இந்திய அரசியலமைப்பின் 41ஆம் உறுப்பு, அரசு தன் பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள் வேலைபெறும் உரிமைக்கு வழிசெய்ய வேண்டும் என்கிறது. ஆயினும் அது வழிகாட்டு நெறிகளுள் ஒன்று. 37ஆம் உறுப்பின்படி நீதிமன்றத்தின் வாயிலாக நிறைவேற்றத்தக்கது அன்று. உரிமை என்னும் சொல் இருந்தது. அதனைக் கேட்டுப் பெறும் வழி இல்லை.

அவ்வழியை முதலில் அமைத்த மாநிலம் மராட்டியம் ஆகும். அம்மாநிலச் சட்டமேலவைத் தலைவராக இருந்த காந்தியவாதி வி. ச. பாகே 1960களில் சாங்லி மாவட்டத்தில் முன்னோட்டமாகத் தொடங்கிய முயற்சி, 1972ஆம் ஆண்டு வறட்சியின்போது விரிவடைந்தது. மராட்டிய வேலைவாய்ப்பு உறுதிச் சட்டம் 1977இல் இயற்றப்பட்டு 1979 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. நகரங்களில் திரட்டிய தொழில்வரி அதற்குரிய வருவாய்களுள் ஒன்றாயிற்று. ஊர்ப்புறத்தின் வேலையின்மை நகரத்தின் பொறுப்புமாகும் என்னும் ஒப்புரவு அதில் அமைந்திருந்தது.

நிவாரண வேலையின் அறநிலையை மாற்றியதில் உச்சநீதிமன்றத்திற்கும் பங்குண்டு. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாக வேலை வாங்குதல் 23ஆம் உறுப்பு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் அது தீர்ப்பளித்தது. பசியால் உடன்படுதலும் கட்டாயத்தால் உடன்படுதலே என்பது அதன் உட்கருத்து. 1983இல் சஞ்சித் ராய் வழக்கில் இராசத்தானத்து வறட்சி நிவாரண வேலைக்கும் அக்கொள்கை பொருத்தப்பட்டது. வறட்சியால் நலிந்தோரின் இயலாமையை அரசு தனக்கு ஆதாயமாக்கிக்கொள்ளலாகாது என நீதிபதி பி. என். பகவதி விளக்கினார். டெம்பிள் கூலிக்கு அளிக்கப்பட்ட காலங்கடந்த மறுமொழியாக இத்தீர்ப்பைக் கொள்ளலாம்.

2005இல் நாடாளுமன்றம் தேசிய ஊரக வேலைவாய்ப்பு உறுதிச் சட்டத்தை இயற்றியது. 2006 பிப்ரவரி 2 அன்று ஆந்திரத்து அனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்டு, முதலில் 200 மாவட்டங்களிலும், 2008 ஏப்ரல் முதல் நாட்டின் ஊரக மாவட்டங்கள் அனைத்திலும் அது பரவியது. 2009இல் காந்தியடிகளின் பெயர் அதனுடன் சேர்க்கப்பட்டது. உடலுழைப்பிற்கு முன்வரும் ஒவ்வோர் ஊரகக் குடும்பத்திற்கும் ஆண்டுக்கு 100 நாள் வேலை, விண்ணப்பித்த 15 நாள்களுக்குள் வேலை, 15 நாள்களுக்குள் கூலி, பயனாளிகளுள் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்கள், ஒப்பந்தக்காரர்க்குத் தடை, ஊராட்சிவழிச் சமூகத் தணிக்கை ஆகியன அதன் கூறுகள்.

இச்சட்டத்தைப் பஞ்சகாலச் சோதனைகளோடு ஒப்பிடுவது பயன் தரும். முன்னர்த் தொலைவு சோதனையாக இருந்தது. இச்சட்டம் 5 கிலோமீட்டருக்குள் வேலை தரவேண்டும் என்றும், இயலாவிடின் 10 விழுக்காடு கூடுதல் கூலி தரவேண்டும் என்றும் விதித்தது. முன்னர்க் கடுமை சோதனையாக இருந்தது. இச்சட்டம் குடிநீர், நிழல், முதலுதவி, குழந்தைகளைப் பேண ஓர் ஆள் ஆகியவற்றைப் பணித்தளத்தின் கடமையாக்கியது. வறுமைச் சான்று எதனையும் அது கேட்கவில்லை. உழைக்க முன்வருதல் ஒன்றே தகுதியாயிற்று. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் நகரங்களிலிருந்து தொழிலாளர்கள் ஊர் திரும்பியபோது இத்தன்மை வெளிப்பட்டது. 2020-21 நிதியாண்டில் ஏறத்தாழ 389 கோடி மனிதநாள் வேலை இச்சட்டத்தின்கீழ் அமைந்தது. நகரம் கைவிட்டவர்களுக்கு, தம் துயரை எவரிடத்தும் விளக்காமலே கேட்கத்தக்க இடமொன்று ஊரில் இருந்தது.

மறுப்பின் கடன்

இக்கூறுகள் யாவற்றினும் இன்றியமையாதது வேலையின்மைப் படியாகும். விண்ணப்பித்த 15 நாள்களுக்குள் வேலை தரப்படாவிடின், முதல் 30 நாள்களுக்குக் கூலியில் கால் பங்கேனும், எஞ்சிய காலத்திற்கு அரைப் பங்கேனும் படியாகத் தரப்படல் வேண்டும். தொகை சிறிது. ஆயினும் அதன் அறப்பொருள் பெரிது. ஈகையில் மறுப்பு ஒரு வெறுமை. இங்கே மறுப்பு ஒரு கடன். வெறுங்கையுடன் திரும்பியவர் இப்போது கடன் கொடுத்தவராகத் திரும்புகிறார். 'ஈ' என்னும் சொல் 'கொடு' என்னும் சொல்லாக மாறும் இடம் இதுவே.

அம்மாற்றம் ஒரு சிறு தாளைச் சார்ந்திருந்தது. வேலை கேட்டதற்கான, நாளிட்ட ஒப்புச்சீட்டே அத்தாள். அச்சீட்டு இல்லையெனில் 15 நாள்களை எண்ணத் தொடங்க இயலாது. எண்ணாவிடில் படி இல்லை. நடைமுறையில் பல இடங்களில் ஒப்புச்சீட்டு வழங்கப்படவில்லை. வேலை வந்தபின்னரே விண்ணப்பம் எழுதிச் சேர்க்கப்பட்டதும் உண்டு. ஆகவே வேலையின்மைப் படி நாடெங்கும் மிக அரிதாகவே வழங்கப்பட்டது. கேட்டவர் கேட்டார் என்பதற்கே சான்றில்லாதபோது உரிமை மீண்டும் ஈகையாகக் குறைந்தது. பணித்தள வருகைப்பட்டியலைப் பொதுவில் படித்துக் காட்டவேண்டும் என்று 1990களில் இராசத்தானத்து உழவர் தொழிலாளர் இயக்கம் மக்கள் மன்றங்களைக் கூட்டிப் போராடியதன் உட்பொருள் இதனால் விளங்கும். எழுத்து ஆள்பவரிடம் மட்டும் இருக்கும்வரை உரிமையும் அவரிடமே இருக்கும்.

இதனினும் ஆழமான முரண் நிதியமைப்பில் இருந்தது. உடலுழைப்புக் கூலி முழுவதையும் மத்திய அரசு ஏற்றது. வேலையின்மைப் படியை மாநில அரசு ஏற்கவேண்டியிருந்தது. வேலை தராமைக்கு மாநிலம் விலை தரவேண்டும் என்பது இதன் நோக்கம். ஆனால் மத்திய அரசிடமிருந்து நிதி வராமையால் வேலை நின்றபோது, தடுப்பவர் ஒருவராகவும் கடன்படுபவர் மற்றொருவராகவும் ஆயினர். மேற்கு வங்கத்தில் முறைகேடுகளைக் காரணங்காட்டி 2022 மார்ச்சில் மத்திய நிதி நிறுத்தப்பட்டது. 2025 சூனில் கல்கத்தா உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டு 1 முதல் திட்டத்தை மீளத் தொடங்க ஆணையிட்டது; அக்டோபரில் உச்சநீதிமன்றம் அவ்வாணையில் தலையிட மறுத்தது. முறைகேடு செய்தவரை ஒறுத்தல் அரசின் கடமையே. ஆயினும் முறைகேட்டில் பங்கில்லாத உழைப்பாளர் மூன்றாண்டுக்கு மேலாக வேலையின்றி இருந்தமை, உரிமைக்குரிய மொழியில் நியாயப்படுத்தத்தக்கதன்று. கொடுப்பவரின் வீட்டில் நேர்ந்த களவிற்காக ஏற்பவரைத் திருப்பியனுப்புதல் ஈகையில் நிகழலாம்; கடனில் நிகழலாகாது.

கூலியிலும் இதே சரிவு காணப்பட்டது. 2009 முதல் மத்திய அரசு குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தைச் சாராமல் தனியே கூலியை அறிவித்தது. பல மாநிலங்களில் அது வேளாண் தொழிலாளர்க்குரிய குறைந்தபட்சக் கூலியினும் குறைவாக இருந்தது. 1983ஆம் ஆண்டுத் தீர்ப்பின் ஒளியில் இது விடைகாணப்படாத அறவினாவாகவே நின்றது.

இரண்டு மறுப்புரைகள்

வேலையுறுதித் திட்டங்களுக்கு எதிராகக் கூறப்படும் கருத்துகளுள் இரண்டு கருதத்தக்கன. முதலாவது, இவ்வேலை மக்களைச் சோம்பேறிகளாக்குகிறது. பணித்தளத்தில் உழைப்பு நிகழ்வதில்லை என்பது. இக்கூற்றில் உண்மை அறவே இல்லை எனல் பொருந்தாது. திட்டமிடப்படாத பணிகள், பொறியாளர் வந்து அளவெடுக்காத குளங்கள், பயன்படாத சாலைகள் இருந்தன. ஆயின் இவை கேட்டவரின் குற்றம் அல்ல. எவ்வேலையைச் செய்யவேண்டும் என்பதை முடிவுசெய்தவர் அவர் அல்லர். மேலும் பயனற்ற வேலையைத் தருவதே உழைப்பவரை அவமதிப்பதாகும். நீர் தேங்கும் குளத்தை வெட்டியவர் ஊருக்கு ஒன்றைக் கொடுத்தவர். மூடுவதற்காகக் குழி வெட்டியவர் தம் வறுமையை மெய்ப்பித்தவர் மட்டுமே. உழைப்பு பங்களிப்பா சோதனையா என்பதைப் பணியின் பயனே முடிவுசெய்கிறது. ஆகவே பணியின் தரத்தை உயர்த்தவேண்டும் என்னும் கோரிக்கை உழைப்பவருக்கு எதிரானதன்று. அவர் சார்பிலேயே முதலில் எழுப்பப்படவேண்டியது.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. வறியவர்க்கு வாழும் உரிமை உண்டெனில், அதற்கு விலையாக வெயிலில் மண் சுமக்கச் செய்வது ஏன்? நேரே பணம் கொடுத்துவிடலாமே என்பது அது. முதியோர், நோயுற்றோர், உடல் இயலாதோர் ஆகியோரைப் பொறுத்தவரை இம்மறுப்பு முற்றும் சரியானது. வந்தியைக் கரையடைக்க அழைத்தது பாண்டியனின் பிழை. உழைக்க வல்லவரைப் பொறுத்தவரையோ வேலை கூலிக்கு மட்டும் வழியன்று. பசித்தவர்க்கு இலவச உணவளிப்பதினும் வேலை தருவதையே காந்தியடிகள் வற்புறுத்தியதற்குக் காரணம், பெறுபவர் கொடுப்பவராகவும் ஆகவேண்டும் என்பதே. பணித்தளத்தில் தம் பெயரில் கூலி பெற்ற பெண்கள் நாடு முழுவதும் இத்திட்டத்தின் உழைப்பில் பாதிக்கும் மேற்பட்ட பங்கினராய் இருந்தனர். உள்ளூர்ச் சந்தையில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்றிருந்த இடங்களில் இருவர்க்கும் ஒரே கூலி என்னும் விதி அவர்களுக்குப் புதிய நிலையைத் தந்தது. பணம் கொடுத்தல் பசியைத் தீர்க்கும். 'யானும் ஊருக்கு ஒன்று செய்தேன்' என்னும் சொல்லை அது தராது. ஆனால் இவ்வாதம் வேலையைக் கேட்பவரின் விருப்பமாக வைத்திருக்கும்வரை மட்டுமே செல்லும். கட்டாயமாகும் கணத்தில் அது டெம்பிளின் தருக்கத்தோடு சேர்ந்துவிடும்.

மாற்றுச் சட்டமும் மாறாத உரைகல்லும்

2025 திசம்பரில் நாடாளுமன்றம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக விக்சித் பாரத் எனத் தொடங்கும் பெயருடைய புதிய ஊரக வேலைவாய்ப்பு, வாழ்வாதார உறுதிச் சட்டத்தை இயற்றியது. இதன்படி உறுதி செய்யப்படும் வேலைநாள்கள் 100இலிருந்து 125ஆக உயர்கின்றன. வேலையின்மைப் படியும் இடம்பெறுகிறது. அதே வேளையில், கூலி உட்பட்ட செலவைப் பெரும்பாலான மாநிலங்கள் மத்திய அரசோடு 60:40 என்னும் அளவில் பகிர்ந்துகொள்ள வேண்டும். மாநிலங்களுக்குரிய நிதியை மத்திய அரசு முன்கூட்டியே வரையறுக்கும். அவ்வரையறையை மிஞ்சும் செலவு மாநிலத்தைச் சாரும். விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு மொத்தம் 60 நாள்கள் வேலை நிறுத்திவைக்கப்படும்.

இவற்றை நாள்களின் எண்ணிக்கை கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. பொறுப்பைப் பகிர்வதால் மாநிலங்கள் பணிகளைக் கருத்துடன் தெரிந்தெடுக்கும் என்றும், அறுவடைக் காலத்தில் வேளாண்மைக்கு ஆள் கிடைக்கும் என்றும் கூறப்படுகிறது. அவை கருதத்தக்க காரணங்களே. ஆயினும் இரண்டு வினாக்கள் எழுகின்றன. நிதியை முன்னரே அளந்துவிட்டால், கேட்பவர் எண்ணிக்கை அவ்வளவை மிஞ்சும் ஆண்டில் கேட்டவரின் சொல் வலிக்குமா, அளந்தவரின் எண் வலிக்குமா? அமுதசுரபியின் சிறப்பு எடுக்கக் குறையாமை. அளந்து வைத்த பாத்திரத்தின் முன் வரிசையில் பின்னிற்பவர் மீண்டும் முகம் நோக்கி நிற்பவர் ஆகிறார். அவ்வாறே, வேலை நிறுத்திவைக்கப்படும் 60 நாள்களில் நிலவுடையவர் தரும் கூலி எதுவாயினும் அதனை ஏற்கவேண்டிய நிலை உழைப்பவர்க்கு வருமாயின், பசியால் உடன்படுதல் பற்றி 1982இல் உச்சநீதிமன்றம் கூறியது மீண்டும் நினைக்கப்பட வேண்டியதாகும். வேறிடத்தில் வேலை உண்டு என்னும் நிலையே ஒருவருக்குக் கூலியை மறுத்துப் பேசும் வலிமையைத் தருகிறது. அறுவடைக் காலம் அவ்வலிமை மிகவும் வேண்டப்படும் காலம்.

முடிவுரை

வேலையற்றோருக்கு வேலை தருதல் என்னும் ஒரே செயல், கேட்பவரை எந்நிலையில் நிறுத்துகிறது என்பதைப் பொறுத்து ஈகையாகவும் சோதனையாகவும் கடனாகவும் அமைகிறது. இந்நிலைகளைப் பிரித்தறிய மூன்று அளவைகள் இக்கட்டுரையின்வழிப் பெறப்படுகின்றன. வேலை தராதவர் அதற்கு விலை தருகிறாரா என்பது முதலாவது. செய்யும் வேலை ஊருக்குப் பயன்படுகிறதா என்பது இரண்டாவது. தரும் கூலி, பசியற்ற ஒருவரும் நியாயமென ஏற்கத்தக்கதா என்பது மூன்றாவது. மூன்றிற்கும் ஆம் என்னும் விடை கிடைக்கும் திட்டமே உரிமை என்னும் சொல்லுக்குத் தகுதியுடையது.

2005ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் இவற்றுள் முதலிரண்டையும் ஏற்றது, மூன்றாவதில் தடுமாறியது, நடைமுறையில் மூன்றிலும் பல இடங்களில் குறைபட்டது. எனினும் நாட்டின் எளிய குடிமக்கள் அரசிடம் 'கொடு' என்று கேட்கக் கற்றுக்கொண்ட காலமாக அச்சட்டம் நடைமுறையில் இருந்த ஆண்டுகள் நினைக்கப்படும். பின்வரும் சட்டங்கள் எப்பெயரில் வரினும் எத்தனை நாள்களைத் தரினும், ஊராட்சி அலுவலகத்தின் வாயிலில் விண்ணப்பத்துடன் நிற்கும் ஒருவருக்கு நாளிட்ட ஒப்புச்சீட்டு தரப்படுகிறதா என்பதைக்கொண்டே அவற்றை அளத்தல் வேண்டும். அச்சீட்டுடன் திரும்புபவர் அன்று வேலை பெறாவிடினும் உரிமையுடையவராகத் திரும்புகிறார். அது இன்றித் திரும்புபவர் வேலை பெற்றாராயினும் இரந்து பெற்றவராகவே திரும்புகிறார்.